மாடிவீட்டு எல்டர்

எல்டர் என்றால் மூத்தவர். அவனுக்குப் பத்தொன்பது வயது. மீசை இருக்கிறதா இல்லையா என்பதை முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, டை, சட்டைப்பையில் ஒரு கறுப்பு அட்டை. அட்டையில் 'எல்டர்' என்ற சொல்லும் குடும்பப்பெயரும் மட்டும் இருக்கும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அவர்கள் சபையில் இல்லை. அவன் சொந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டது மருத்துவமனையில், கட்டில் கம்பியில் மாட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் எங்கள் மாடிப்படியில் யாராவது சத்தமில்லாமல் ஏறினால் எழுந்துபோய் அவர்கள் காலைப் பார்க்கிறேன்.

கழக்கூட்டம் என்கிற மலையாள ஊரில் எங்கள் வீட்டு மாடியை ஐ.டி. கம்பெனிப் பையன்களுக்குத்தான் வாடகைக்கு விடுவோம். அந்த வருடம் இவர்கள் வந்தார்கள், மார்மன் என்கிற கிறிஸ்தவ சபையின் ஊழியர்கள் இரண்டு பேர். இவன் ராஜமுந்திரிப் பக்கத்துத் தெலுங்குப் பையன், ஊழியத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கூட இருந்தவன் கோயம்புத்தூர்க்காரன், இரண்டு வயது மூத்தவன், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவனுக்கு இரண்டு வருட ஊழியம் முடிகிற தறுவாய். இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியக் கூடாது என்பது அவர்கள் விதி. ஒருவன் பால் வாங்கப் போனால் மற்றவனும் போக வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவனும் வீட்டிலேயே கிடக்க வேண்டும்.

"புருஷன் பெண்டாட்டிகூட இப்படி இருக்கிறதில்லையேப்பா" என்று ஒருநாள் சொன்னேன்.

"எங்களுக்கு டைவர்ஸும் கிடையாதுங்க அக்கா. டிரான்ஸ்ஃபர் மட்டுந்தான்" என்றான் கோயம்புத்தூர்க்காரன். மற்றவன் சிரிக்கலாமா என்று அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

என் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். கீழே நானும் மகன் ஹரியும் மட்டும். ஹரி ப்ளஸ் டூ முடித்துவிட்டு, நுழைவுத் தேர்வை இரண்டாவது தடவை எழுத வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தான். நான் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பையன் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறான், படிக்கிறானா, போனைப் பார்க்கிறானா, யாரோடு பேசுகிறான் என்பதுதான் அந்த வருடம் முழுவதும் எனக்கு நினைப்பு.

அந்தத் தெலுங்குப் பையனிடம் நான் கண்ட குணம் ஒன்றே ஒன்றுதான். சொன்னால் கேட்பான். இதைப் பெரிய குணம் என்று அப்போது நினைத்தேன்.

வந்த புதிதில் ஹரியிடம் இரண்டு டம்ளர் சாயா கொடுத்தனுப்பினேன். இரண்டும் மூடி வைத்தபடியே திரும்பி வந்தன. சாயா, காப்பி இரண்டும் அவர்களுக்கு விலக்கு. சரி, தண்ணீராவது குடிக்கட்டும் என்று அடுத்த நாள் கீழே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். எங்கள் ஊரில் தண்ணீரைப் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைப்போம். இளஞ்சிவப்பாக இருக்கும். வெயிலில் ஆறேழு மைல் நடந்துவிட்டு வந்த பையன் டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டான்.

"டேய், மரப்பட்டைடா. டீத்தூள் இல்ல. குடி" என்றான் கூட இருந்தவன்.

"கேட்டுட்டு குடிக்கிறேன்" என்று போனை எடுத்து, அவர்களுடைய பொறுப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டு, நிறத்தைச் சொல்லி, பட்டையின் பெயரை என்னிடம் கேட்டுச் சொல்லி, அவர் சரி என்ற பிறகு மூன்று டம்ளர் ஒரே மூச்சில் குடித்தான். "குழப்பமில்ல ஆன்ட்டி, குழப்பமில்ல" என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு. பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் சொல்வது. அவன் கற்றுக்கொண்ட முதல் மலையாளச் சொல் அதுதான். எதற்கும் அதையே சொல்வான்.

ஹரிக்கு மாதிரித் தேர்வு நடந்தபோது, மேலே ஷூ சத்தம் கேட்கிறது என்று ஒருமுறை சொன்னேன். அன்றிலிருந்து படிக்கு அடியிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் ஏறினான். தேர்வு முடிந்து ஒரு மாதம் கழிந்த பிறகும் அப்படியே. "இனிப் போட்டுக்கலாம்ப்பா" என்றேன். "நீங்க சொல்றதுக்கு வெயிட் பண்ணேன் ஆன்ட்டி" என்றான். அவன் குதிகாலில் அப்போதே தோல் உரிந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நடந்து நடந்து ஷூ கடித்த புண்.

நகரத்தில் சாலைக் கடைவீதி என்கிற இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மாலை அங்கே அவர்களைப் பார்த்தேன். என் கையில் அரிசிமாவும் பருப்பும் கனத்தன. "இதப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே நில்லுப்பா, ஒரு நிமிஷம்" என்று பையைக் கொடுத்துவிட்டுத் துணிக்கடைக்குள் போனேன். உள்ளே தூரத்துச் சொந்தம் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். பேசிக்கொண்டே கடையின் மறுபக்கத்து வாசல் வழியாக வெளியேறி, அவளோடு பஸ் ஏறி, வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுப்பைப் பற்ற வைத்தபோதுதான் பை ஞாபகம் வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்துப் போனேன். இருவரும் அதே இடத்தில் நின்றிருந்தார்கள். அரிசிமாவுப் பையைச் சட்டைக்குள் வைத்து, டையால் மூடி, நனைந்து ஒட்டிப்போய் நின்றான்.

"பக்கத்துக் கடையோரமா ஒதுங்குடான்னேன் அக்கா. இங்கேயேன்னு சொன்னாங்கன்னு ஒரு எட்டு நகரல. இவன விட்டுட்டு நானும் நகர முடியாது. என்னத்தப் பண்றது?" என்று கோயம்புத்தூர்க்காரன் பல்லைக் கடித்தான்.

நான் சிரித்தேன். ஆட்டோவில் திரும்பி வரும்போது ஏனோ லேசாகப் பயமாகவும் இருந்தது. இந்தப் பையனிடம் வேறு யாராவது வேறு ஏதாவது சொல்லியிருந்தால்? ஆனால் வீட்டுக்கு வந்து ஹரியிடம் சொன்னது வேறு. "மேல இருக்கானே, அவனப் பாரு. நான் அவனப் பெத்தவ இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொன்னதுக்கு மழையில நிக்கறான். நீ எழுந்து ஒரு ஃபேன் சுவிட்ச் அணைக்க மாட்டே."

"அப்ப அவனையே தத்தெடுத்துக்கோயேன்" என்றான் ஹரி.

பாரு, பாரு என்று நான் சொல்லிச் சொல்லியே ஹரி மாடிக்குப் போகத் தொடங்கினான். "நீதானே பாக்கச் சொன்னே? பாக்கத்தான் போறேன். அவங்கதான் என்கிட்ட மார்க் கேக்காதவங்க." சபை விஷயம் பேசுகிறார்களா என்று துருவினேன். கிரிக்கெட்தான் பேசுகிறோம் என்றான். ஒற்றைப் பிள்ளை. அவர் கடல் கடந்து இருக்கிறார். ஏதாவது ஆகிவிட்டால் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் அந்த மழை. தோட்டோரத்து வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் ஏறி வடிந்தது. தோடு என்று இங்கே நாங்கள் சொல்வது ஓடையை. ஒரு சனிக்கிழமை இவர்கள் இருவரும் அங்கே சேறு வாரப் போனார்கள். என்னிடம் சொல்லாமல் ஹரியும் போய்விட்டான். தலை முதல் கால் வரை சேறோடு வந்து நின்றான்.

"அய்யே! இந்த அழுக்குத் தண்ணியில இறங்க உனக்கு என்னடா தலையெழுத்து?"

"அம்மா, வெறுதே வழக்கு உண்டாக்காதே. அங்க ஒரு அம்மச்சி வீட்டுல அடுப்பே சேத்துக்குள்ள கிடந்தது." வழக்கு என்றால் இங்கே சண்டை.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் எங்கள் வார்டில் வீடு வீடாகச் சுகாதார வேலை பார்க்கிற ஆஷா ஊழியர் வந்தாள். தண்ணீரில் இறங்கியவர்களின் கணக்கைக் கேட்டு, மூன்று பேருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கொடுத்தாள். எலிப்பனி என்று இங்கே அதற்குப் பெயர். "சேச்சி, ஆகாரம் கழிச்சிட்டே கொடுக்காவூ. வெறும் வயிற்றில் வேண்டா கேட்டோ" என்று இரண்டு தடவை சொன்னாள். சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். ஹரி அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தான். அவன் வாயில் போட்டு, தண்ணீர் ஊற்றி, விழுங்கினானா என்று பார்த்தேன். மிச்சத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அது மாதத்தின் முதல் ஞாயிறு. அவர்களுக்கு உபவாசம். முந்தின சாயந்திரத்திலிருந்து சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

"குடுங்க அக்கா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கறோம்" என்று கோயம்புத்தூர்க்காரன் கையை நீட்டினான்.

"வேண்டாம். நீங்க மறந்துட்டு வெறும் வயித்துல போட்டுடுவீங்க. என்கிட்டயே இருக்கட்டும். ஆறு மணிக்கு இட்லி கொண்டாறேன். சாப்பிட வச்சு நானே தரேன்" என்றேன். எதையும் என் கையால் செய்தால்தான் எனக்குத் திருப்தி. அது என் சுபாவம். "ஓகே ஆன்ட்டி, ஆறு மணி" என்றான் தெலுங்குப் பையன்.

ஆறு மணிக்கு இட்லித் தூக்கோடு மாடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. உபவாசத்தை முடிக்கிற பிரார்த்தனை. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு முழங்காலிட்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, கண்ணை மூடி, அதே மாதிரி கையைக் கட்டி, ஹரி.

அதற்குப் பிறகு நான் பேசியது எல்லாம் ஞாபகமில்லை. கத்தினேன். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்றேன். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஹரியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கும்போது திரும்பி அந்தத் தெலுங்குப் பையனைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன்மேல் பிரியம் வைத்திருந்தேன், அதனால் கோபமும் அவன்மேல்தான் அதிகம். "இனி என் வாசல மிதிக்கக் கூடாது. என் பையன்கிட்ட பேசக் கூடாது. கேட்டுச்சா?"

"சரி ஆன்ட்டி" என்றான்.

இட்லியைக் கீழே கொண்டுவந்துவிட்டேன். மாத்திரைகளை ஃப்ரிட்ஜுக்கு மேல் வைத்தேன்.

எங்கள் வீட்டு மாடிப்படி முன்வாசலை ஒட்டித் தொடங்குகிறது. மேலே போகிறவர்கள் எங்கள் சிட்-அவுட் திண்ணையின் மூலையில் இரண்டு தரைக்கல்லை மிதித்துத்தான் போக வேண்டும். திங்கட்கிழமை காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரன் எப்போதும்போல அந்த மூலை வழியாக இறங்கினான். இவன் படியின் பக்கச்சுவரைத் தாண்டி, மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் குதித்து, தேங்காய் மட்டை குவிந்துகிடக்கிற அந்தச் சேற்றில், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலியைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குப் போனான். அந்த மட்டைக் குவியலில் எலி ஓடுவதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சாயந்திரம் திரும்பி வரும்போதும் அதே வழி. செவ்வாய், புதன், தினமும் இரண்டு வேளை. ஜன்னலில் நின்று பார்த்தேன். ரோஷம் இருக்கட்டும் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

அந்த வாரம் அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை என்பதைக் கோயம்புத்தூர்க்காரன் பிறகு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து சொன்னான். அவனுக்கு அது கடைசி வாரம். செவ்வாய் கூட்டம், புதன் முழுக்க வீடு வீடாக விடைபெறுதல், வியாழன் ஆங்கில வகுப்பு. ஆரியசாலையில் மிளகாய் மண்டியில் வேலை செய்கிற வள்ளியூர்க்காரர் ஒருவருக்குச் சனிக்கிழமை ஞானஸ்நானம். அவர் இந்தத் தெலுங்குப் பையன்தான் தன்னைத் தண்ணீரில் முக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். இவனும் சரி என்று சொல்லிவிட்டான். சரி என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயந்திரம் அவன் வேலியோரமாக வரும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு நடந்தான். கெண்டைக்காலைத் தடவிக்கொண்டான். வெள்ளிக்கிழமை நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது நேருக்கு நேர் வந்துவிட்டான். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கண்ணு என்ன?"

"சோப்பு போச்சு ஆன்ட்டி. குழப்பமில்ல." ஹரி நிற்கிறானா என்று என் பின்னால் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனான்.

எலிக்காய்ச்சல் என்றால் கண் சிவக்கும், கெண்டைக்கால் வலிக்கும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மழைக்காலம் முழுக்கப் பேப்பரில் போடுகிறார்கள். எனக்கும் தெரியும். துணியை மடித்து உள்ளே வைத்தேன்.

மாடியில் அன்று என்ன நடந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. உடம்பு கொதிப்பதைத் தொட்டுப் பார்த்த கோயம்புத்தூர்க்காரன், நாளைக்கு எல்லாவற்றையும் ரத்து செய்யலாம் என்றிருக்கிறான். இவன் கேட்கவில்லை. நான் படுத்தால் நீயும் அடைந்து கிடக்க வேண்டும், உன் கடைசிச் சனிக்கிழமை வீணாகும் என்றிருக்கிறான். சரி, கீழே அக்காவிடமாவது மாத்திரை கேட்போம் என்றதற்கு, "வாசல மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றானாம்.

"நானாச்சும் வந்திருக்கணுங்க அக்கா. வெறும் சளிக்காய்ச்சல்னு நெனச்சுட்டேன். அவன்தான் குழப்பமில்ல, குழப்பமில்லன்னுட்டே இருந்தான்" என்று அவன் அழுதான்.

சனிக்கிழமை மத்தியானம் ஹரி வெளியே போய்விட்டு வந்தான். எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்பதற்குள் அவனே சொன்னான்.

"ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தேன். வழக்கு அப்புறம் உண்டாக்கிக்கோ. அம்மா, அவனுக்கு உடம்பு சரியில்ல. தண்ணிக்குள்ள நின்னு கிடுகிடுன்னு நடுங்கறான். அந்த மாமாவ முக்கினா முழங்கால் மேல வந்துடுது. முழுசா முங்கலேன்னா திரும்பச் செய்யணுமாம். மூணு தடவ முக்கினான் அம்மா. மூணாவது தடவ யாரு யாரப் பிடிச்சிருக்காங்கன்னே தெரியல. வெளிய வந்து வாந்தி எடுத்தான். கண்ணு மஞ்சளா இருக்கு."

பேசிக்கொண்டே ஃப்ரிட்ஜுக்கு மேலே காய்ச்சல் மாத்திரை தேடினான். கை நின்றுவிட்டது.

"இது என்ன? நான் அன்னைக்குச் சாப்பிட்டது அல்லே?"

மாத்திரைகளை எடுத்து எண்ணிப் பார்த்தான்.

"நீ அவங்களுக்குக் கொடுக்கலையா?"

படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அவன் தரையில் சுருண்டு கிடந்தான். சட்டை மாற்றவும் இல்லை, டையும் கழற்றவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றான். ஹரி கீழே நிற்கிறான், நான் பேசவில்லை என்கிற மாதிரி ஏதோ முனகினான். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தான். நெற்றி அடுப்பில் வைத்த சட்டி மாதிரி இருந்தது.

அவசரப் பிரிவில் டாக்டர் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளத்தில் இறங்கினானா என்று கேட்டார். ஆமாம் என்றோம். தடுப்பு மாத்திரை போட்டானா என்று கேட்டார். ஹரி என்னைப் பார்த்தான். கோயம்புத்தூர்க்காரன் தரையைப் பார்த்தான். "இல்ல" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. டயாலிசிஸ், பிறகு நுரையீரலில் ரத்தம், பிறகு மூச்சுக்குக் குழாய். பிழைப்பானா என்று கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். மாத்திரை போட்டிருந்தால் வந்திருக்காதா என்று ஒருநாள் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "வராமல் இருந்திருக்கலாம். வந்தாலும் இந்த அளவுக்குப் போயிருக்காது. உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார். கிருமி தோட்டிலிருந்து வந்ததா, என் வீட்டு மட்டைக் குவியலிலிருந்து வந்ததா என்று கேட்டதற்கும் அதேதான், சொல்ல முடியாது.

ராஜமுந்திரியிலிருந்து அவன் அம்மா வந்தாள். என் வயதுதான் இருக்கும். கட்டைக்குட்டையான உருவம், கையில் ஒரு துணிப்பை. தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. சபையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்ந்தார்கள். கோயம்புத்தூர்க்காரன் ஊருக்குப் போகும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு அந்த வராந்தாவிலேயே இருந்தான். நான் அலுவலகத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தினமும் கஞ்சி கொண்டுபோனேன். ஹரி என்னோடு வருவான். பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்காருவான்.

பிழைத்துவிட்டான். ஆனால் ஊருக்குப் போகும்போது பாதி உடம்புதான் இருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வராந்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஊழியத்துக்குத் திரும்புவது இப்போதைக்கு இல்லை, ஊரில் சிகிச்சை தொடர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சட்டையில் அட்டை இல்லை. அது இல்லாமல் அவன் பார்க்க ப்ளஸ் ஒன் படிக்கிற பையன் மாதிரி இருந்தான்.

மாத்திரை என்னிடம்தான் இருந்தது என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் அன்று வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். பஸ்ஸில் வாக்கியத்தை அமைத்து அமைத்துப் பார்த்தேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தெலுங்கில் நீளமாகப் பேசத் தொடங்கிவிட்டாள். கோயம்புத்தூர்க்காரன் நடுவில் நின்று சொன்னான்.

"நீங்கதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தீங்கன்னு அம்மா தினமும் உங்களுக்காக ஜெபம் பண்றாங்களாம் அக்கா." அவள் மறுபடி அவனிடம் ஏதோ சொன்னாள். "இன்னொன்னும் கேக்கறாங்க. சின்ன வயசுல ரொம்ப முரட்டுப் பையனாம். அடிச்சாலும் கேக்க மாட்டானாம். இங்க உங்களுக்குத் தொந்தரவு ஏதும் குடுத்தானா, உங்க பேச்சக் கேட்டு நடந்தானான்னு கேக்கறாங்க."

கேட்டுவிட்டு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹரி பார்த்தான்.

"கேட்டான்னு சொல்லுங்க" என்றேன். "நான் சொன்ன எல்லாத்தையும் கேட்டான்."

அவன் அதைத் தெலுங்கில் சொன்னான். அந்த அம்மாவின் முகம் அத்தனை நாளில் முதல் தடவையாக மலர்ந்தது. குனிந்து மகனின் தலையைத் தடவி ஏதோ சொன்னாள். வகுப்பில் எல்லார் முன்னாலும் தன் மார்க்கைப் படித்தால் நல்ல மாணவன் ஒருவன் எப்படி உட்கார்ந்திருப்பானோ, அப்படி, கண்ணைத் தாழ்த்தி, கொஞ்சம் வெட்கத்தோடு, அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.